டிக்கெட்டில் பார்த்துச் சிரித்த மூன்று எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு இணைப்பில் தாய்லாந்து செல்வோருக்கான குறிப்புகள் வந்திருந்தன. பாங்காக்கில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுவதற்கு இரண்டு மணி நேரம் தாராளம் என்று அதில் ஒரு வரி. என் மனைவி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்து, "இதை எழுதினவரு நம்மகூட வந்திருக்கணும்ங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். வியாபாரத்துக்காக ஆக்ரா, ராஜ்கோட் வரை ரயிலில் போயிருக்கிறேன். கடல் தாண்டியது 2025 ஆகஸ்டில்தான் முதல் தடவை. 2023 நவம்பரில் இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா வேண்டாம் என்று ஆனதிலிருந்து எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பங்கள் போய்வந்துவிட்டன. எல்லாரும் கடற்கரை, தீவு, யானை என்று போட்டோ காட்டினார்கள். எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை. நான் போக ஆசைப்பட்டது ஒரு கல்லைப் பார்க்க.

தாய்லாந்தின் தெற்கே கிராபி மாகாணத்தில் குளோங் தோம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மேட்டில் பழங்காலத்து மணிகள் அள்ள அள்ளக் கிடைத்தனவாம். அந்த மேட்டுக்குப் பெயரே 'குவான் லுக் பாட்', மணி மேடு. அங்கிருந்து ஒரு சின்ன உரைகல்லும் கிடைத்திருக்கிறது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும்பதன் என்பவனின் கல் என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர்கள் கணிக்கிறார்கள். அந்த ஊர் புத்தர் கோயிலில் உள்ள காட்சியகத்தில் வைத்திருப்பதாகப் படித்தேன். என் பட்டறை மேஜை டிராயரிலும் அப்பா காலத்து உரைகல் ஒன்று கிடக்கிறது. இப்போது டச், அதாவது வெள்ளியின் தரம், பார்க்க மெஷின் வந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லை. ஆனால் பத்துத் தட்டான்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தால்தான் ஒருவன் தன் கல்லில் பேரை வெட்டுவான், கல் மாறிப் போகக்கூடாதே என்று. அப்படியென்றால் அந்தக் கடற்கரையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்க வேண்டும்! இது என் ஊகம்தான், ஆராய்ச்சி இல்லை. ஆனால் அந்தக் கல்லை நேரில் பார்க்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

நான், மனைவி, என் மச்சினன், அவன் மனைவி என்று நாலு பேர். டிக்கெட் போட்டுத் தந்தவர் நம் ஊரிலேயே ஒரு டிராவல்ஸ்காரத் தம்பி. நல்ல பிள்ளை, அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு விலை சொன்னார். சென்னையிலிருந்து கிராபி வரை மொத்தமாக ஒரே டிக்கெட் என்றால் ஒரு விலை. சென்னையிலிருந்து பாங்காக் தனியாக, பாங்காக்கிலிருந்து கிராபி தனியாகக் குறைந்த விலை கம்பெனியில் போட்டால் தலைக்கு 3,800 ரூபாய் மிச்சம். நாலு பேருக்கு 15,200. வெள்ளிக்காரனிடம் கிராமுக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்றாலே காது நீளும். "இதையே போடுங்க தம்பி" என்றேன்.

இரண்டாவது டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்தபோது மச்சினன் வாங்கிப் பார்த்தான். புறப்படும் இடம் பாங்காக், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டி.எம்.கே. என்று மூன்று எழுத்து. "என்ன மாமா, அங்கயும் கட்சி வச்சிருக்காங்களா?" என்றான். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தோம், அந்தத் தம்பியும்தான். முதல் டிக்கெட்டில் பாங்காக் என்பதற்குப் பக்கத்தில் பி.கே.கே. என்று இருந்தது. ஒரே ஊருக்கு ஏன் இரண்டு குறி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புது பஸ் ஸ்டாண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு. பழையது டான் முவாங், 1914-இலிருந்து இருப்பது. அதன் குறிதான் டி.எம்.கே. புதியது சுவர்ணபூமி, 2006 செப்டம்பரில் திறந்தது. எழுதுவது சுவர்ணபூமி, வாயில் சொல்லும்போது 'சுவன்னபூம்' என்கிறார்கள். புதியதைத் திறந்ததும் எல்லாவற்றையும் அங்கே மாற்றிப் பழையதை ஓய வைத்தார்கள். ஆனால் அடுத்த வருடமே திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. இப்போது குறைந்த விலை விமானங்கள் பெரும்பாலும் பழையதிலிருந்துதான் கிளம்புகின்றன. நம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டவுன் பஸ் பிடித்துப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடலாம். அங்கே இரண்டுக்கும் நடுவில் ரோட்டில் 40 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பாங்காக் நெரிசலில்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேர்ந்து, அன்று முழுக்க உறவினர் வீட்டில் இருந்து, இரவு ஒரு மணி வாக்கில் விமானம் ஏறினோம். மூன்றரை மணி நேரப் பயணம். அவர்கள் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 6.10-க்கு இறங்கினோம். கிராபி விமானம் 9.05-க்கு. இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது, உங்கள் இணைப்பு சொன்னதைவிட அதிகம். ஆனால் என் கைக்கடிகாரம் சேலம் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 4.40 என்று காட்டியது. மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன், மாற்றவில்லை.

விமானத்தில் எங்கள் பக்கத்து இருக்கையில் கோயம்புத்தூர் ஆசிரியத் தம்பதி. அவர்களும் கிராபிதான், ஆனால் ஒரே டிக்கெட். சென்னையிலேயே அவர்களிடம் இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்திருந்தார்கள். பெட்டியில் ஒட்டிய சீட்டிலும் கிராபி என்றே போட்டிருந்தது. இறங்கி நடந்து வரும்போது விமானம் மாறுகிறவர்களுக்கான பலகை வந்ததும் அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். "நீங்க வரலைங்களா?" என்று அந்த டீச்சரம்மா கேட்டார்கள். எங்களுக்குப் பெட்டி இங்கேதான் எடுக்கணும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நேராக நடந்தோம்.

பிறகு கிராபி கடற்கரையில் அவர்களைப் பார்த்தபோதுதான் நடந்தது தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கென்று தனியாகப் பாஸ்போர்ட் கவுண்டர் இருக்கிறதாம். அங்கே முத்திரை குத்தி, உடையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விட்டது. சுங்கச் சோதனை கிராபியில் இறங்கிய பிறகு. வரிசையில் நின்றது கால் மணி நேரம்கூட இல்லை என்றார்கள். டீச்சரம்மா அந்த ஸ்டிக்கரைப் பிய்த்துக் கைப்பையில் ஞாபகமாக வைத்திருந்தார்கள், எடுத்துக் காட்டினார்கள். கட்டைவிரல் அளவு காகிதம். என் 15,200 ரூபாய் அதில் ஒட்டியிருந்த மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இமிகிரேஷன் கூடத்தில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கயிறு கட்டிய வரிசை. ஒரே நேரத்தில் நாலைந்து ஊர் விமானம் இறங்கியிருக்கும் போலிருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்தில் காகித அட்டைக்குப் பதில் கணினியிலேயே வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள். அதை பெங்களூரிலிருக்கும் என் மகன் நிரப்பிக் கொடுத்திருந்தான். அது இலவசம். காசு கேட்கிற போலித் தளங்களும் இருக்கின்றன என்று அவன் எச்சரித்திருந்தான், இதையும் உங்கள் இணைப்பில் சேர்த்துப் போடலாம். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் சிலர் அதை நிரப்பாமல் வந்து, அங்கேயே நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளியே வரும்போது 7.25. பெட்டி எடுத்து முடிக்க 7.40.

என் கடிகாரம் 6.10 என்றது. நிறைய நேரம் இருக்கிறது என்று நானே சொல்லி, எல்லாரையும் டீ குடிக்க வைத்தேன். இதை இன்றும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

நாலாவது மாடிக்குப் போனோம். உள்நாடு, வெளிநாடு இரண்டுக்கும் ஒரே கூரைதான் அங்கே. தலைக்கு மேல் பலகை பலகையாக எழுத்து ஓடுகிறது. எங்கள் கம்பெனி பெயரை எங்கே தேடியும் காணோம். தகவல் சொல்லும் மேஜையில் இருந்த பெண் எங்கள் காகிதத்தை வாங்கினாள். இரண்டு கையாலும் வாங்கினாள், அது அங்கே வழக்கம் போல. பார்த்தாள். பேனா முனையை அந்த மூன்று எழுத்தின் மேல் வைத்து, மெதுவாக இரண்டு முறை தட்டினாள். "டான் முவாங்" என்றாள். நான் "எஸ், பாங்காக்" என்றேன். அவள் தலையை ஆட்டி, தரையைக் காட்டி "சுவன்னபூம்" என்றாள். பிறகு கையைத் தூக்கி எங்கோ தூரத்தைக் காட்டி மறுபடி "டான் முவாங்" என்றாள். மச்சினன் முகம் எப்படிப் போயிற்று என்று எழுத வரவில்லை. கட்சி ஜோக் அடித்தவன் அவன்தானே.

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். 8.05. என் கையில் 6.35. அப்போதுதான் முள்ளைத் திருகினேன்.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவே இலவச பஸ் ஓடுகிறது. அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்கிறார்கள், காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை. நல்ல ஏற்பாடு, நம் ஊரிலும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த பஸ் என்ன செய்யும்? ஓட்டுநர் பொறுமையாக ஓட்டினார், சுற்றிலும் வேலைக்குப் போகிறவர்களின் கார்கள். என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முருகா முருகா என்றாள். மச்சினன் மனைவி மடியில் தட்டுவடைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. டான் முவாங்கில் இறங்கும்போது 9.20. உள்நாட்டு விமானத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால், டீ குடிக்காமல் வந்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது. இது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். மனைவி ஏற்றுக்கொள்ளவில்லை.

கவுண்டரில் யாரும் எங்களைத் திட்டவுமில்லை, பரிதாபப்படவுமில்லை. அவர்கள் கணக்கில் நாங்கள் வராத பயணிகள், அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த விமானம் எங்களுடையது இல்லை, உங்கள் பெட்டி எங்கே தாமதமானது என்பதும் எங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் நியாயம். யோசித்தால் அது சரிதான். ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமாகியிருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் நடுவில் இருக்கிற அந்த 40 கிலோமீட்டரும், இமிகிரேஷன் வரிசையும், நம்முடைய டீயும் நம் பொறுப்பு. 3,800 ரூபாய் மிச்சம் பிடித்தபோது நான் விற்றது இந்தப் பொறுப்பைத்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணி விமானத்துக்குப் புது டிக்கெட் வாங்கினோம். அங்கேயும் ஒரு அடி. நாங்கள் சேலத்தில் போட்ட பழைய டிக்கெட்டில் கையில் எடுத்துப்போகும் 7 கிலோ மட்டும்தானாம், பெட்டிக்குப் பணமே கட்டியிருக்கவில்லை. சென்னையிலிருந்து வரும்போது ஆளுக்கு ஒரு பெட்டி சும்மா வந்ததால் இதையும் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஆக நேரத்துக்குப் போயிருந்தாலும் அங்கே காசு கட்டியிருக்க வேண்டும். நாலு டிக்கெட், நாலு பெட்டி எல்லாம் சேர்த்து 9,600 பாட். நம் பணத்தில் 26 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரசீதில் வருடம் 2568 என்று அச்சாகியிருந்தது. புத்தர் ஆண்டு, நம் கணக்குக்கு 543 கூட்டிக்கொள்ள வேண்டும். அத்தனை வருடம் முன்னால் போய் நின்றும் விமானத்தைப் பிடிக்க முடியவில்லையே என்று மச்சினன் சொன்னபோதுதான் காலையிலிருந்து முதல் முறையாக எல்லாரும் சிரித்தோம்.

பணம் போனது போகட்டும். எங்கள் திட்டத்தில் குளோங் தோமுக்கு ஒதுக்கியிருந்தது முதல் நாள் மட்டும்தான். அடுத்த இரண்டு நாளும் படகுப் பயணத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, நாலாம் நாள் காலை திரும்ப வேண்டும். கிராபியில் இறங்கும்போது நாலரை மணி. கார் ஓட்டுநரிடம் குளோங் தோம் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைக் காட்டிக் கையை விரித்தார்.

திரும்பும் நாள் காலையில் விடுதியிலிருந்து விமான நிலையத்துக்கு வந்தோம். கிராபி விமான நிலையம் இருப்பதும் குளோங் தோம் போகிற அதே நெடுஞ்சாலையில்தான். நிலையத்துக்குத் திரும்புகிற இடத்தில் பச்சைப் பலகை, நேராகப் போனால் குளோங் தோம் என்று அம்புக்குறி போட்டிருந்தது. கார் திரும்பியது. நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடலை இரண்டு நாள் பார்த்தேன், பச்சையாக அழகாகத்தான் இருந்தது.

வரும்போது புத்தி வந்திருந்தது. கிராபியிலிருந்து டான் முவாங், அங்கிருந்து அதே இலவச பஸ், சுவர்ணபூமியில் இரவு விமானம். நடுவில் ஏழு மணி நேரம் இருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. சுவர்ணபூமியில் பாஸ்போர்ட் சோதனை தாண்டியதும் பாற்கடல் கடைகிற சிலை ஒன்று நீளமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தேவர், ஒரு பக்கம் அசுரர், நடுவில் வாசுகி, மேலே பெருமாள். மனைவி கும்பிட்டுவிட்டு, "இவங்களும் ரெண்டு பக்கமும் இழுத்துட்டுதான் நிக்கறாங்க, நம்மள மாதிரி" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணைப்பில் வந்த இரண்டு மணி நேரக் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஒரே டிக்கெட், ஒரே விமான நிலையம், பெட்டி கடைசி ஊர் வரை என்று இருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. அதை ஒரு வரி சேர்த்துப் போட்டிருக்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால், ஒரே நிலையமாக இருந்தாலும் இமிகிரேஷன் தாண்டி, பெட்டி எடுத்து, மாடி ஏறி, புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு நாலு மணி நேரம் வேண்டும் என்பது என் அனுபவம். பி.கே.கே.யில் இறங்கி டி.எம்.கே.யில் ஏற வேண்டுமானால் ஆறு மணி நேரமாவது வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு இரவு பாங்காக்கில் தங்கிவிடலாம். தங்கும் செலவு எங்கள் அபராதத்தைவிடக் குறைவாகத்தான் வரும்.

இன்னொன்று. நம் ஊர் டிராவல்ஸ்காரர்கள் டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுக்கும்போது, ஒரு பேனாவால் தமிழில் 'இங்கே இறங்கி வேறு நிலையம் போகணும்', 'பெட்டி இங்கே எடுக்கணும்' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நாங்கள் கொலுசு விற்கும்போது ரசீதில் எடையும் டச்சும் எழுதிக் கொடுக்கிறோமா இல்லையா?

போன வாரம் அந்தத் தம்பி கடைக்குப் போனேன். தை பிறந்ததும் திரும்ப ஒரு தடவை போவதாக இருக்கிறேன், இந்த முறை நானும் மனைவியும் மட்டும், படகு கிடையாது. நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அவர், "கிராபிங்களாண்ணா? ஒரே டிக்கெட்தானுங்களே?" என்றார். விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.